பட்டம் தராத கல்லூரி

கல்லூரி என்றதும் விண்ணப்பம், கட்டணம், தேர்வு, பட்டம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுள் எதுவுமே இல்லாத கல்லூரி ஒன்று இலண்டன் மாநகரில் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கி வருகிறது. அங்கு மாணவர் சேர்க்கை கிடையாது, மதிப்பெண் கிடையாது, பட்டமளிப்பு விழாவும் கிடையாது. அங்கு நடப்பவை பொது உரைகளே. அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கலாம். அதுவே கிரெஷாம் கல்லூரி.

சர் தாமஸ் கிரெஷாம் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெருவணிகர். இலண்டன் வணிகர்கள் ஒன்றுகூடி வணிகம் பேசுவதற்காக ‘ராயல் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் மையத்தை நிறுவியவர் அவர். அம்மையத்திலிருந்து கிடைக்கும் வாடகையைக் கொண்டு ஏழு பேராசிரியர்களை அமர்த்த வேண்டும் என்றும், அவர்கள் தம் மாளிகையிலேயே தங்கிப் பொதுமக்களுக்கு உரையாற்ற வேண்டும் என்றும் அவர் உயில் எழுதி வைத்தார். வானியல், வடிவியல், மருத்துவம், சட்டம், சமயம், இசை, சொல்லாட்சி ஆகியவையே அந்த ஏழு துறைகள். கிரெஷாம் 1579இல் மறைந்தார். அவருடைய மனைவியின் காலத்திற்குப் பின்னர், 1597இல் உரைகள் தொடங்கின.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்னும் இரண்டு பல்கலைக்கழகங்களே இருந்தன. அங்குக் கற்பிக்கும் மொழி இலத்தீன். அம்மொழி அறியாத கைவினைஞர், கடைக்காரர், மாலுமி ஆகியோருக்கு உயர்கல்வி எட்டாக்கனியாகவே இருந்தது. கிரெஷாம் கல்லூரியிலோ இலத்தீனில் மட்டுமன்றி, மக்கள் பேசும் ஆங்கிலத்திலும் உரைகள் நிகழ்த்தப்பட்டன. கடலில் திசையறிய உதவும் கருவிகளை மாலுமிகளுக்குப் புரியும் வகையில் விளக்குவதும் வானியல் பேராசிரியரின் கடமையாக இருந்தது.

இத்தகைய சூழலில் பயனுள்ள அறிவு வளர்ந்தது. வடிவியலின் முதல் பேராசிரியரான ஹென்றி பிரிக்ஸ், ஜான் நேப்பியர் கண்டறிந்த மடக்கையைப் பற்றிப் படித்து வியந்தார். 1615இல் ஸ்காட்லாந்திற்குப் பயணம் செய்து, நேப்பியரை நேரில் சந்தித்து உரையாடினார். அதன் பயனாக, பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை உருவானது. இம்முறையில் 100இன் மடக்கை 2. 1000இன் மடக்கை 3. இவ்விரு எண்களையும் பெருக்குவதற்கு 2ஐயும் 3ஐயும் கூட்டினால் போதும். கிடைக்கும் 5 என்பது 100,000இன் மடக்கையாகும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிய இம்முறை, கணிப்பொறி இல்லாத காலத்தில் வானியலாளருக்கும் மாலுமிக்கும் பெருந்துணையாக விளங்கியது. பிரிக்ஸ் 1617இல் 1 முதல் 1000 வரையிலான எண்களுக்கு மடக்கை அட்டவணையை வெளியிட்டார்.

வானியல் பேராசிரியராகப் பணியாற்றிய எட்மண்ட் கண்டர், நிலத்தை அளப்பதற்கு 100 கண்ணிகள் கொண்ட, 66 அடி நீளமுள்ள சங்கிலியை உருவாக்கினார். கிரிக்கெட் ஆட்டத்தில் இருபுறத்து விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் இன்றும் அதே 66 அடிதான்.

1660ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் கல்லூரியின் வரலாற்றில் மறக்க முடியாத நாளாகும். அன்று கிறிஸ்டோபர் ரென் வானியல் உரை ஆற்றினார். உரை முடிந்ததும் பன்னிருவர் அங்கேயே அமர்ந்து கலந்துரையாடினர். சோதனைகளின் வழி இயற்கையை ஆராய்வதற்கு ஒரு கழகம் தேவை என்று அவர்கள் முடிவு செய்தனர். அவ்வாறு தோன்றியதே உலகப் புகழ்பெற்ற ராயல் கழகம்.

ஆயினும், இக்கல்லூரியின் கதை வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. தக்கைத் துண்டை நுண்ணோக்கியில் கண்டு, அதிலிருந்த சிறு அறைகளுக்குச் ‘செல்’ என்று பெயரிட்ட ராபர்ட் ஹூக், 1665 முதல் இங்கு வடிவியல் பேராசிரியராக இருந்தார். அத்தகைய அறிஞரின் உரையைக் கேட்பதற்குச் சில நாள்களில் ஒருவர்கூட வரவில்லை என்பதை அவருடைய நாட்குறிப்பு காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டில் நிலைமை மேலும் மோசமானது. பேராசிரியர் பலர் கடமையில் அக்கறை காட்டவில்லை. மக்களும் ஆர்வம் இழந்தனர். 1768இல் கிரெஷாமின் மாளிகை இடிக்கப்பட்டது. உரைகள் ராயல் எக்ஸ்சேஞ்சின் ஓர் அறைக்குள் ஒடுங்கின.

கட்டடம் போனாலும் உயிலில் கண்ட நோக்கம் மறையவில்லை. 1843இல் கல்லூரிக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. 1890களில் வடிவியல் பேராசிரியராக இருந்த கார்ல் பியர்சன், புள்ளியியலைப் பொதுமக்களுக்கு விளக்கி உரையாற்றினார். இன்று மாணவர்கள் கணிதப் பாடத்தில் பயிலும் ‘திட்ட விலக்கம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை, அவர் 1893இல் இக்கல்லூரியில் ஆற்றிய உரையில்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

1991 முதல் கல்லூரி, பார்னார்ட்ஸ் இன் மண்டபத்தில் இயங்கி வருகிறது. பழைய ஏழு துறைகளுடன் வணிகம், சுற்றுச்சூழல், தகவல் தொழில்நுட்பம் ஆகியனவும் சேர்க்கப்பட்டுள்ளன. உரைகள் இணையத்திலும் இடம்பெறுவதால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அவற்றைக் கேட்க முடிகிறது.

பொது உரைகளின் வெற்றிக்குச் சிறந்த பேச்சாளர் மட்டும் போதாது. ஹூக்கின் வெற்று மண்டபம் இவ்வுண்மையை உணர்த்துகிறது. ரென்னின் உரைக்குப் பின் அன்று பன்னிருவர் தங்காமல் வீடு திரும்பியிருந்தால், அந்த நாளும் மற்றொரு நாளாகவே கழிந்திருக்கும். அறிவின் கதவைத் திறந்து வைப்பது ஒரு சமுதாயத்தின் கடமை. அதன் வழியே உள்ளே சென்று, கேட்டு, வினவி, சிந்திப்பது ஒவ்வொருவரின் கடமை. பள்ளியிலோ கல்லூரியிலோ நூலகத்திலோ அடுத்த முறை ஓர் அறிவியல் உரை நடைபெறும்போது, அங்குள்ள நாற்காலிகளுள் ஒன்று நமக்காகவும் காத்திருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம்.