இணையத்தைக் கட்டியவர்கள் – 14: ரெபெக்காவின் ஊதா

உங்கள் போனில் எந்த பிரவுசரைத் திறந்தாலும், அதற்கு 148 நிறப் பெயர்கள் தெரியும். தக்காளி, சாக்லேட், கோதுமை என்று டிசைனர் ஆங்கிலத்தில் எழுதினால் போதும், அந்த நிறம் திரையில் வந்து நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை பழைய யூனிக்ஸ் கணினிகளிலிருந்து வந்தவை. பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது ‘ரெபெக்காபர்ப்பிள்’. சிவப்பு 102, பச்சை 51, நீலம் 153 என்ற அளவில் கலந்தால் கிடைக்கும் ஊதா. 2014 ஜூன் 7 அன்று, தன் ஆறாவது பிறந்தநாளிலேயே இறந்துபோன ஒரு சிறுமியின் பெயர் அது. அவளுடைய அப்பா எரிக் மேயர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாந்து பகுதியில் வாழும் வெப் டிசைனர்.

ஹோகோன் வியூம் லீ, பெர்ட் போஸ் இருவரும் சிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய கதையைப் போன வாரம் பார்த்தோம். இணையப் பக்கத்தின் எழுத்து, நிறம், இடைவெளி எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு அது. 1996 டிசம்பரில் முறைப்படி வெளியானது. ஆனால் பிரவுசர்கள் அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. நெட்ஸ்கேப்பில் சீராகத் தெரிந்த பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் கலைந்து கிடக்கும். எங்கே பிசகியது, நாம் எழுதியதிலா, பிரவுசரிலா என்று கண்டுபிடிக்கவே டிசைனரின் பாதி நாள் போய்விடும்.

கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் வெப்மாஸ்டராக இருந்த மேயர் இந்தச் சிக்கலைப் பொறுமையால் அவிழ்த்தார். ஒவ்வொரு விதிக்கும் ஒரு சோதனைப் பக்கம் எழுதினார். எந்த பிரவுசரில் எது வேலை செய்கிறது, எது அரைகுறை, எது அறவே இல்லை என்று பார்த்துப் பார்த்து ஒரு பெரிய அட்டவணை போட்டார். அதைப் பார்க்காமல் அன்று சிஎஸ்எஸ் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். 2000-இல் ஓ’ரைலி பதிப்பகம் வெளியிட்ட அவருடைய சிஎஸ்எஸ் வழிகாட்டி, அந்தத் துறையின் மூலநூலாகவே ஆகிவிட்டது. சில காலம் நெட்ஸ்கேப்பில் வேலை. 2003-இல் ‘காம்ப்ளக்ஸ் ஸ்பைரல்’ என்ற பெயரில் சொந்தமாக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். 2005-இல் சக டிசைனர் ஜெஃப்ரி ஸெல்ட்மனோடு சேர்ந்து ‘ஆன் ஈவென்ட் அபார்ட்’ என்ற மாநாட்டை ஆரம்பித்தார்.

கம்பெனியில் இருப்பவருக்காகப் பதவி பேசும். தனியாகத் தொழில் செய்பவருக்கு அவருடைய பெயர் மட்டும்தான். மேயர் அந்தப் பெயரைச் சம்பாதித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது: கற்றதை எல்லாம் கொடுத்துவிட்டார். 2007-இல் ‘ரீசெட்’ என்ற சின்ன சிஎஸ்எஸ் நிரல் (கோடு) ஒன்றை வெளியிட்டார். தலைப்புக்கு இவ்வளவு அளவு, பத்திக்கு இவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்ததை ஒரே அடியாகத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் கோடு. உரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டார். உலகம் முழுக்க எத்தனையோ தளங்கள் அதன்மேல்தான் எழுந்தன.

தன் இணையதளத்தில் கோடும் எழுதுவார், வீட்டு விஷயமும் எழுதுவார். தொழிலுக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம் என்று அவருக்கு இருந்ததில்லை.

2013 ஆகஸ்டில் குடும்பத்தோடு நியூ ஜெர்சி கடற்கரைக்கு விடுமுறைக்குப் போயிருந்தார்கள். ஐந்து வயது ரெபெக்காவின் உடல்நிலை அங்கே திடீரென மோசமானது. மூளையில் கட்டி. அவளை ஹெலிகாப்டரில் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். பெற்றோர் சாலை வழியாகப் பின்னால் விரைந்தார்கள். போய்ச் சேரும் மருத்துவமனையின் இணையதளத்தைப் போனில் திறந்தால், அது சாவகாசமாகப் படிக்க வருகிறவருக்காகக் கட்டப்பட்டிருந்தது. எங்கே போய் நிற்பது, யாரைக் கேட்பது என்று மட்டுமே தெரிய வேண்டிய ஒரு தாய் தகப்பனை அதைக் கட்டியவர் நினைத்துப் பார்க்கவில்லை. தளம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு அன்று அது எப்படி வலித்திருக்கும்!

அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து எல்லாம் நடந்தன. புற்று திரும்பி வந்தது. பத்து மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊதா ரெபெக்காவுக்கு உயிர். அவளுடைய இறுதிச் சடங்கு நாளில், ஸெல்ட்மனின் அழைப்பை ஏற்று, உலகெங்கும் இருந்த டிசைனர்கள் அந்த ஊதாவின் எண்ணை அவள் பெயரோடு சேர்த்து ட்விட்டரில் எழுதினார்கள். அந்த நிறத்துக்கு ‘பெக்காபர்ப்பிள்’ என்று பெயர் வைத்து சிஎஸ்எஸ்ஸிலேயே சேர்த்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. மேயர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: ‘பெக்கா’ வேண்டாம். அது குழந்தைப் பெயர், ஆறு வயதானதும் எல்லோரும் தன்னை ரெபெக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் அவள் ஆறு வயதுக்காரியாக இருந்தாள். அந்த மாதமே சிஎஸ்எஸ் குழு ஒப்புக்கொண்டது.

தொழில்நுட்ப விதிகளில் ஒருவருடைய சொந்தத் துக்கத்துக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருக்கலாம். இடம் உண்டு என்பேன். அதே பட்டியலில் ‘ஆலிஸ் நீலம்’ என்று ஒரு வெளிர்நீலம் வெகுகாலமாக இருக்கிறது. அது அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் விரும்பி உடுத்திய நிறம். அதிபர் மகளுக்கு ஒரு நீலம் உண்டென்றால், தொழிலுக்கே ஆசானாக இருந்தவரின் மகளுக்கு ஓர் ஊதா கூடாதா?

அந்த வருடக் கடைசியில் இன்னொன்று நடந்தது. 2014 டிசம்பர் 24. பயனாளர்களின் அந்த ஆண்டுப் படங்களைக் கோத்து, ‘உங்கள் ஆண்டு இப்படி இருந்தது’ என்று ஃபேஸ்புக் காட்டிக்கொண்டிருந்தது. மேயர் அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கியிருந்தார். ஃபேஸ்புக் விடவில்லை. அவர் பக்கத்தைத் திறந்ததும் ரெபெக்காவின் முகம். அவளைச் சுற்றிலும் ஆடிப்பாடிக் கொண்டாடும் பொம்மைகள்.

அன்று அவர் எழுதிய கட்டுரைக்காகவே அவரை இந்தத் தொடரில் சேர்த்தேன். அதில் சாபம் இல்லை. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்றே சொல்கிறார். நல்ல வருடம் கண்டவர்களை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய கோடு, கெட்ட வருடம் கண்டவர்களிடமும் அதே சிரிப்போடு போய் நின்றது என்பதுதான் அவருடைய புகார். பார்க்க விருப்பமா என்று கேட்காமல் படத்தைக் காட்டாதீர்கள், வேண்டாம் என்றால் மறுபடி மறுபடி வந்து நிற்காதீர்கள் என்று இரண்டு திருத்தங்களும் சொன்னார். கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது. ஃபேஸ்புக்கில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் மன்னிப்புக் கேட்டார். ஊரே அந்தக் குழுவைத் திட்டத் தொடங்கியபோது மேயர் குறுக்கே வந்தார்: இது ஒரு கம்பெனியின் குற்றமல்ல, நாம் எல்லோரும் இப்படித்தான் டிசைன் செய்கிறோம் என்றார். பண்டிகை நாளில் அவர்கள் தலையில் இந்தச் சுமை விழுந்ததற்காக வருத்தமும் தெரிவித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஆறே மாதத்தில் ஒரு மனிதர் இப்படி எழுதினார்.

சாரா வாக்டர்-போட்சரோடு சேர்ந்து 2016-இல் அவர் எழுதிய ‘டிசைன் ஃபார் ரியல் லைஃப்’ இதிலிருந்து விளைந்தது. சிக்கலான நிலையில் தளத்துக்கு வருபவர்களை ‘எட்ஜ் கேஸ்’ என்று ஓரம் கட்டுவது டிசைன் தொழிலின் பழக்கம். அவர்களை முதலில் வைத்து யோசி என்கிறது அந்தப் புத்தகம். பதற்றத்தில் இருப்பவருக்குப் புரிகிற பக்கம் நிதானமாக இருப்பவருக்கும் புரியும். தலைகீழாகப் போட்டால் அது பொருந்தாது. ரயில் டிக்கெட் தளமானாலும் ஆஸ்பத்திரி ஆப் ஆனாலும், நம் ஊரில் கட்டுபவர்களும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

மேயரைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்கள் இங்கும் உண்டு. கோவையிலும் மதுரையிலும் வீட்டு அறையில் உட்கார்ந்து வெளிநாட்டு வேலை செய்யும் ஃப்ரீலான்சர்களுக்கு மெடிக்கல் லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கிளையன்டுக்கு என்ன எழுதுவது என்றே தெரியாமல், ‘உடம்பு சரியில்லை’ என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். மேயரைப் போல எல்லாவற்றையும் வெளியே சொல் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது ஆண்டுகள் கொடுத்துக் கொடுத்துச் சேர்த்த நன்மதிப்பு அவரைத் தாங்கியது. நேற்று தொழிலுக்கு வந்த பையனைத் தாங்க அப்படி யார் இருக்கிறார்கள்? கிளையன்ட் ஒப்பந்தத்திலேயே ‘குடும்பத்தில் அவசரம் என்றால் கெடு தள்ளிப்போகும்’ என்று ஒரு வரி சேர்க்கப் பழகினால், அதுவே பெரிய காப்பு.

மேயரும் அவர் மனைவியும், குழந்தையை இழந்த குடும்பங்களை விடுமுறைப் பயணம் அனுப்பிவைக்க ‘ரெபெக்காஸ் கிஃப்ட்’ என்ற அறக்கட்டளை தொடங்கினார்கள். 2021-இல் மேயர், ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஸ்பெயின் நாட்டு நிறுவனமான இகாலியாவில் சேர்ந்தார். பிரவுசர்களின் உள்ளே இறங்கி வேலை செய்யும் நிறுவனம் அது. சிஎஸ்எஸ் பற்றி இன்னமும் எழுதுகிறார், இன்னமும் இலவசமாகத்தான்.

(தொடரும்)