டேவிட் ராஸ்

டேவிட் ராஸ் (பிறப்பு: மார்ச் 19, 1977, பெயின்பிரிட்ஜ், ஜார்ஜியா) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த முன்னாள் பேஸ்பால் (அடிபந்தாட்ட) வீரரும் பயிற்றுநரும் ஆவார். 2002 முதல் 2016 வரை 15 பருவங்களில் ஏழு மேஜர் லீக் அணிகளுக்காகப் பிடிப்பாளராக விளையாடினார். பெரும்பாலான ஆண்டுகளில் இவர் முதன்மைப் பிடிப்பாளருக்கு அடுத்த நிலையில் இருந்த மாற்றுப் பிடிப்பாளரே ஆவார். 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

மாற்றுப் பிடிப்பாளரின் பணி

பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிவாளர் எறியும் பந்தைப் பிடிப்பவர் பிடிப்பாளர் எனப்படுவார். கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளருடன் இவரை ஒப்பிடலாம். எனினும் இவரது பொறுப்பு பெரிது. அடுத்து எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என எறிவாளருக்குக் குறிப்புக் காட்டுவதும், தளம் திருட முயலும் ஓட்டக்காரரை எறிந்து வீழ்த்துவதும் இவரது வேலை. 2022 இல் மின்னணுக் கருவி அனுமதிக்கப்படும் வரை இக்குறிப்புகள் விரல் சைகைகளாலேயே தரப்பட்டன.

ஏறத்தாழ ஆறு மாதங்களில் 162 ஆட்டங்கள் நடைபெறுவதால், ஒரே வீரர் நாள்தோறும் குந்தியிருந்து ஆடுவது இயலாது. எனவே ஒவ்வோர் அணியும் இரண்டாவது பிடிப்பாளர் ஒருவரை வைத்திருக்கிறது. அவர் வாரத்தில் ஓரிரு நாட்களே களமிறங்குவார். ஆயினும் அணியின் எல்லா எறிவாளர்களின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டும்.

தொடக்க காலம்

ஆபர்ன், புளோரிடா பல்கலைக்கழக அணிகளில் ஆடிய ராஸை, 1998 ஆம் ஆண்டு வீரர் தேர்வின் ஏழாம் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. 2002 சூனில் மேஜர் லீக்கில் அறிமுகமானார். அவ்வாண்டு செப்டம்பரில் அடித்த முதல் ஹோம் ரன் விந்தையானது. தோல்வி உறுதியாகிவிட்ட ஆட்டத்தில் அரிசோனா அணிக்காகப் பந்தெறிய வந்த முதல்தளக் காப்பாளர் மார்க் கிரேசின் பந்தில் அது அடிக்கப்பட்டது.

2005 இல் ஒரே பருவத்தில் இரு அணிகளில் ஆடினார். 2006 இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காக 90 ஆட்டங்களில் 21 ஹோம் ரன்கள் அடித்தார். அடுத்த ஆண்டில் ஆடிய 112 ஆட்டங்களே ஒரு பருவத்தில் இவரது மிகுதியான எண்ணிக்கை.

திருப்பம்

2008 ஆகத்தில் சின்சினாட்டி அணி ராஸை விடுவித்தது. பின்னர் அவரைச் சேர்த்துக்கொண்ட பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன், நல்ல சகவீரர் அல்லர் என்ற பெயர் ராஸுக்கு இருப்பதை வெளிப்படையாகக் கூறினார். இதன்பின் தமது போக்கை மாற்றிக்கொண்டதாக ராஸ் தெரிவித்துள்ளார். 2017 இல் வெளிவந்த அவரது நூலின் பெயரும் ‘டீம்மேட்’ (சகவீரர்) என்பதே.

2009 முதல் 2012 வரை அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் பிரையன் மக்கானுக்கு மாற்றாக இருந்தார். 2012 இல் முதன்முறையாக நடத்தப்பட்ட தேசிய லீக் வைல்ட் கார்டு ஆட்டத்தில் மக்கானுக்குப் பதிலாக ஆடி ஹோம் ரன் அடித்தார். எனினும் அணி தோற்றது.

தலைக்காயமும் 2013 வெற்றியும்

மட்டையில் உரசித் திசைமாறும் பந்து பிடிப்பாளரின் முகக்கவசத்தைத் தாக்குவது வழமை. 2013 இல் மீண்டும் பாஸ்டனில் ஆடிய ராஸ், மூளையதிர்ச்சி காரணமாக இருமுறை காயமடைந்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார். ஆகத்து மாதத்திலேயே திரும்பினார். அவ்வாண்டு உலகத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், சமநிலையை உடைத்த ஓட்டம் இவரது அடியால் கிடைத்தது. பாஸ்டன் ஆறாம் ஆட்டத்தில் தொடரை வென்றது.

சிகாகோவில் இறுதி ஆண்டுகள்

எறிவாளர் ஜான் லெஸ்டர், தளங்களுக்குப் பந்தை எறிவதில் தடுமாற்றம் கொண்டவர். ஓட்டக்காரர்களைக் கட்டுப்படுத்தும் வேலை பெரிதும் பிடிப்பாளரைச் சார்ந்திருந்தது. இதற்கு ராஸின் எறிதிறன் கைகொடுத்தது. லெஸ்டர் சிகாகோ கப்ஸில் இணைந்ததும் 2014 திசம்பரில் ராஸும் அங்குச் சேர்ந்தார். இளம் வீரர்கள் இவரைத் ‘தாத்தா’ என்று அழைத்தனர்.

2016 நவம்பர் 2 இல் கிளீவ்லாந்தில் நடந்த உலகத் தொடரின் ஏழாம் ஆட்டமே இவரது கடைசி ஆட்டம். ஐந்தாம் இன்னிங்ஸில் லெஸ்டருடன் களமிறங்கிய உடனே இவரது எறிதல் பிழையானது. அடுத்து ஒரு பந்து முகக்கவசத்தில் பட்டுத் தெறித்ததில் இரு ஓட்டங்கள் எதிரணிக்குச் சென்றன. அடுத்த இன்னிங்ஸில் ஆண்ட்ரூ மில்லரின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். அப்போது அவருக்கு வயது 39. உலகத் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்த மிக மூத்த வீரர் ஆனார். 8-7 என வென்ற கப்ஸ், 1908 க்குப் பின் முதன்முறையாகப் பட்டம் பெற்றது. சகவீரர்கள் ராஸைத் தோளில் சுமந்தனர்.

ஓய்வுக்குப் பின்

2020 முதல் 2023 வரை கப்ஸ் அணியின் மேலாளராக இருந்தார். 2020 இல் அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. 2023 நவம்பரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

புள்ளிவிவரம்

* ஆட்டங்கள்: 883 (பருவத்துக்குச் சராசரி 59)
* மட்டையடிச் சராசரி: .229
* ஹோம் ரன்கள்: 106
* அணிகள்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் (2002–2004), பிட்ஸ்பர்க் பைரட்ஸ் (2005), சான் டியேகோ பாட்ரேஸ் (2005), சின்சினாட்டி ரெட்ஸ் (2006–2008), பாஸ்டன் ரெட் சாக்ஸ் (2008, 2013–2014), அட்லாண்டா பிரேவ்ஸ் (2009–2012), சிகாகோ கப்ஸ் (2015–2016)