பள்ளத்தில் தேங்கும் குளிர்

டிசம்பரில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் போட்டிருப்பவர்கள் ராத்திரி படுக்கப் போகுமுன் வாசலுக்கு வந்து வானத்தை ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து காற்றும் ஓய்ந்திருந்தால், விடியுமுன் எழுந்து மோட்டார் போட்டு ஸ்பிரிங்ளரை ஓடவிட வேண்டியிருக்கும். இந்தக் கணிப்பு அநேகமாகத் தப்பாது.

ஊட்டி இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரிக்குள், வெப்ப மண்டலத்தில். உயரமோ சுமார் 2,240 மீட்டர். மத்தியானம் சட்டையைக் கழற்றிவிட்டுக் களை எடுக்கும் அளவுக்கு வெயில் அடித்த அதே பாத்தி, மறுநாள் காலை உப்பு கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். நீலகிரியின் உறைபனிக் குளிர் அந்தந்தத் தோட்டத்திலேயே, அந்த ஒரே இரவில் தயாராகிறது.

பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் இரவில் அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தால் வெப்பம் போனது போனதுதான். மலை உயரத்தில் தலைக்கு மேலே காற்றும் ஈரமும் குறைவு என்பதால் இழப்பு இன்னும் அதிகம். முதலில் குளிர்வது காற்று அல்ல, இலை. இலையைத் தொட்டுக் காற்று குளிர்கிறது. வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து நாலடி உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது. அதனால்தான் 3 டிகிரி என்று செய்தித்தாளில் வரும் நாளிலும் புல்நுனி பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். அப்போது காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே நேரடியாகப் படிகமாக இலையில் ஒட்டுகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். அவருடைய புத்தகம் 1814-ல் வந்தது. தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளுக்கு மேலே மெல்லிய பாய் கட்டுவதைப் பார்த்து ஒரு காலத்தில் அவருக்குச் சிரிப்பு வந்ததாம். சுற்றிலும் குளிர்காற்று இருக்கும்போது இந்தப் பாய் எதைத் தடுத்துவிடும்? பிறகு அவரே நாலு குச்சி நட்டு, புல்லுக்கு அரை அடி மேலே மெல்லிய கைக்குட்டை ஒன்றை இழுத்துக் கட்டி அளந்து பார்த்தார். கைக்குட்டையின் கீழே இருந்த புல், திறந்தவெளிப் புல்லைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது. வானத்தை மறைத்தாலே போதும். நீலகிரியில் தேயிலைச் செடிமேல் மிலாரையும் தழையையும் வெட்டிப் போட்டு மூடுவதும் இதே காரியம்தான். இந்தியாவில் இதைத் தலைகீழாகவும் செய்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அலகாபாத், கல்கத்தா பக்கம் தை மாதக் குளிரில் வைக்கோல், கரும்புத் தட்டைமேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் வைத்து, விடியுமுன் பனிக்கட்டி எடுத்தார்கள். காற்று உறைநிலைக்கு வராத இரவுகளிலும் அது நடந்தது.

குளிர்ந்த காற்றுக்கு எடை கூடுதல். அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஒரே ஊரில் மேட்டுத் தோட்டம் பச்சையாகவும் ஓடையோரத் தோட்டம் கருகியும் இருப்பதில் அதிசயம் இல்லை. தலைக்குந்தாவும் காந்தலும் அவலாஞ்சியும் ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் அடிபடுவதற்குக் காரணமும் இந்தத் தேக்கம்தான். வண்டல் மண்ணும் தண்ணீரும் இருக்கும் இடத்தில்தான் கேரட்டும் பீட்ரூட்டும் நன்றாக வருகின்றன. குளிரும் அங்கேயே வந்து உட்காருகிறது.

செடிக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். பனிக்கட்டி முதலில் செல்லுக்குள் உண்டாவதில்லை, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உண்டாகிறது. அங்கே உருவான படிகம் செல்லுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. சவ்வு சுருங்கிக் கிழிகிறது. ஆக, பனியில் செத்த பீன்ஸ் செடி ஒருவகையில் வறட்சியில் செத்த செடி. வெயில் ஏறியதும் இலை கறுப்பதைப் பார்த்து வெயிலைக் குற்றம் சொல்கிறோம். பெரும்பாலான சேதம் இரவே முடிந்துபோய், வெயில் அதை அம்பலப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

தூய நீர்த்துளியை உறைய விடாமலே மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே கொண்டுபோக முடியும். படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். இலைமேல் வாழும் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அந்தப் பிடிமானத்தைத் தருகிறது. அதன் மேற்புறப் புரதம் நீர் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தி மைனஸ் 2 டிகிரியிலேயே உறைய வைத்துவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாதபடி மரபணு நீக்கிய பாக்டீரியாவை 1987-ல் கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெரி, உருளைக்கிழங்கு வயல்களில் தெளித்துப் பார்த்தார்கள். எதிர்ப்பாளர்கள் இரவோடு இரவாகச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அது கடைச் சரக்காகவில்லை.

கேரட் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. குளிர் பழகப் பழக அதன் திசுவில் சர்க்கரை கூடுகிறது. பனிக்காலக் கேரட் இனிப்பதன் காரணம் அதுதான். சர்க்கரை உறைநிலையை இறக்குவதால் செடி பிழைக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் கணக்கு உதைக்கிறது. ஒரு கிலோ தண்ணீரில் 342 கிராம் சர்க்கரையைக் கரைத்தாலும் உறைநிலை 1.86 டிகிரிதான் இறங்கும். செல் சவ்வைச் சிதையாமல் காப்பதும் அதே சர்க்கரை செய்யும் முக்கியமான வேலை. போதாததற்கு, குளிரில் வளர்ந்த கேரட்டில் ஒரு புரதம் இருப்பதை 1998-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். சிறு படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாவதை அது தடுக்கிறது.

விடிகாலை ஸ்பிரிங்ளருக்கு வருவோம். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. நீர் தொடர்ந்து விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை இலையின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். பாதியில் நிறுத்தினால் வந்தது வினை. ஒரு கிராம் நீர் ஆவியாக 600 கலோரி வரை எடுத்துக்கொள்ளும். அதை ஈரமான இலையிலிருந்துதான் பிடுங்கும். மின்சாரம் போகும் இரவு, தண்ணீரே தெளிக்காத இரவைவிட மோசமாக முடியலாம்.

தோட்டத்து வேலியைத் தாண்டினால் புல்மேடு, அதன் மடிப்பில் சோலை. சோலை மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை என்ற பழைய கேள்விக்கும் உறைபனியே பெரும்பங்கு பதில் என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2020-ல் எழுதினார்கள். மரக்கூரைக்கு அடியில் இரவுக் குளிர் அவ்வளவாக இறங்குவதில்லை. வெட்டவெளிப் புல்லில் முளைக்கும் சோலைக் கன்றுகளைப் பனி சுட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் கன்றுகள் அதே குளிரைத் தாங்கி நிற்கின்றன. இரவுகள் சூடாகச் சூடாகப் புல்வெளி இன்னும் சுருங்கும் என்பது அவர்கள் கணிப்பு. பனி குறைந்தால் தோட்டக்காரருக்கு லாபம்தான்; ஆனால் அவருடைய ஓடையில் கோடையிலும் தண்ணீர் வருவது அந்தப் புல்வெளியாலும் சோலையாலும்.

தோட்டத்துக்கே திரும்புவோம். உருளைக்கிழங்குக்குக் கேரட்டின் சாமர்த்தியம் கிடையாது. மைனஸ் 2, 3 டிகிரியிலேயே தழை வெந்ததுபோலச் சாய்ந்துவிடும். அதனால் நீர்போகம் என்ற பருவத்துக்கு விதைக்கிழங்கைத் தை மாதக் கடைசியில் ஊன்றுகிறார்கள். முளை மண்ணுக்கு மேலே வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் கடும்பனி அநேகமாக ஓய்ந்திருக்கும்.