சொறிந்து அழும் குழந்தை

ஊர் உறங்கும் வேளையில் உறங்காதிருக்கும் வீடு ஒன்று நமது அயலில் உண்டு. நான்கு வயதுப் பெண்குழந்தையொன்று பாயிலிருந்து எழுந்து, முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் இரத்தம் கசியும்வரை சொறிந்து அழும். தாய் எழுந்து அதன் கைகளைப் பிடித்துக்கொள்வாள். தகப்பன் பனையோலை விசிறியால் விசிறுவார். விடியற்காலையில் குழந்தை கண்ணயரும்போது, தாய் அடுப்படிக்குச் செல்லும் நேரம் வந்துவிடும். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

"சொறிதானே, வளர வளர மாறிவிடும்" என்று சொல்லி அப்பால் செல்வது எளிது. ஆயினும் நித்திரையின்றி வளரும் குழந்தை பகலில் சிடுசிடுக்கும், உணவில் நாட்டங்கொள்ளாது, பாலர் வகுப்பில் கவனஞ் செலுத்தாது. தாயோ தன் வளர்ப்பிலே குற்றங் கண்டு மனம் நோவாள். ஆகவே சிறு நோயெனத் தோன்றும் இதனைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதுதல் பயன் தருமென எண்ணுகின்றோம்.

அந்த வீட்டில் மூன்று காரியங்கள் நடந்தன. முதலாவதாக, "பிள்ளைக்குக் கிரந்தி, கிரந்திச் சாப்பாடு ஆகாது" என்றார் அப்பாச்சி. கத்தரிக்காய் நின்றது, இறாலும் நண்டும் நின்றன, பின்னர் முட்டை, மீன், பால் யாவும் ஒவ்வொன்றாக நின்றன. சொறிவு மட்டும் நிற்கவில்லை. இரண்டாவதாக, தகப்பன் மருந்துக்கடையில் ஒரு சிறு குழாய்க் களிம்பு வாங்கி வந்தார். பூசிய மூன்றாம் நாளே தோல் பளபளவென்று மாறியது. விட்ட பத்தாம் நாள் முன்னிலும் மோசமாகத் திரும்பியது. மூன்றாவதாக, அழுக்கினால் வந்ததென்றெண்ணிய தாய், நாள்தோறும் இருமுறை வாசனைச் சவர்க்காரம் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மூவரும் அன்பினாலேயே செய்தனர். மூன்றும் பயன்படவில்லை.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல்நோய்ப் பிரிவுக்குக் குழந்தையைக் கொண்டு சென்றனர். நாமும் உடன் சென்றிருந்தோம். வைத்தியர் சொன்னவற்றையும், அதன் பின்னர் நாம் படித்தறிந்தவற்றையும் கீழே தருகின்றோம்.

வேலி பழுதான தோல்

இந்நோயைத் தமிழில் கரப்பான் என்றும், மேல்நாட்டு வைத்தியர் எக்ஸிமா என்றும் கூறுவர். தொய்வு என்னும் ஆஸ்துமாவும், ஓயாத தும்மலும் உள்ள குடும்பங்களில் இது மிகுதியாகக் காணப்படும். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், சற்று வளர்ந்த பிள்ளைக்குக் கைகால் மடிப்புகளிலும் வருவது இதன் வழக்கம். இது தொற்றுநோயன்று, அழுக்கினால் வருவதுமன்று.

நமது ஊர்களிற் கிடுகுவேலி அடைப்பதை அறியாதவர் இலர். வேலி செம்மையாக இருக்கும்வரை நாயும் ஆடும் உள்ளே வாரா. கிடுகு உக்கி இடைவெளி விழுந்தால், அவற்றைத் துரத்துவதே பின்னர் வேலையாகிவிடும். மனிதத் தோலும் அவ்வாறான ஒரு வேலியே. கரப்பான் உள்ள பிள்ளையின் தோல் ஈரத்தை உள்ளே காக்க இயலாது உலர்கின்றது. வெளியிலுள்ள தூசியும் சவர்க்காரமும் கிருமியும் எளிதில் உட்சென்று எரிச்சலை மூட்டுகின்றன. ஸ்கொத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மக்லீனும், டப்ளின் வைத்தியர் அலன் ஏர்வினும், அவர்தம் கூட்டாளிகளும் 2006 ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டனர். தோலின் மேற்படையை இறுக்கிக் கட்டும் பிலாக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவிற் குறைபாடுள்ளோருக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி என்பதே அது. கரப்பானுள்ள எல்லாருக்கும் இக்குறைபாடு இருப்பதில்லை. எனினும் நோயின் வேர் பெரிதும் தோலிலேயே உள்ளது என்பதை இக்கண்டுபிடிப்பு தெளிவாக்கியது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். வேலியை ஒருமுறை அடைத்துவிட்டு ஆயுள் முழுவதும் சும்மா இருக்க இயலாது. அதுபோலவே, நோய் தணிந்த நாளிலும் தோலைப் பேணவேண்டும். அதை விட்டுவிடுவதே சொறிவு திரும்பத் திரும்ப வருவதற்கு முக்கிய காரணம்.

குளிப்பும் பூச்சும்

குழந்தையை நாள்தோறும் குளிப்பாட்டலாம். ஆனால் நீர் வெந்நீராக இருத்தலாகாது. கை பொறுக்கும் வெதுவெதுப்பே போதும். ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு மேல் நீரில் வைத்திருக்கவேண்டாம். வாசனைச் சவர்க்காரத்தை நிறுத்தி, வைத்தியர் குறிக்கும் மென்மையான பூச்சையே சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாதலால் கிணற்றுநீர் கடினமானது. அந்நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை; நுரைக்கவில்லையென்று நாம் மேலும் மேலும் தேய்க்கின்றோம். தீங்கு அங்கேதான் பெருகுகின்றது. எனினும் நீரை மென்மையாக்கும் கருவிக்குப் பணஞ் செலவிடவேண்டியதில்லை. இங்கிலாந்தில் அத்தகைய கருவிகளை வீடுகளிற் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2011 இல் வெளிவந்தது. பிள்ளைகளின் கரப்பானுக்கு அதனால் மேலதிக நன்மை காணப்படவில்லை.

குளித்தபின் துவாயினாற் தேய்க்காது ஒற்றியெடுக்கவேண்டும். தோலில் ஈரம் முற்றாக உலருமுன்னரே, வாசனையற்ற வசலீன் போன்ற பூச்சை உடல் முழுவதும் பூசவேண்டும். மயிர் படியும் திசையிலே, மேலிருந்து கீழாகப் பூசுதல் நலம். சிறு விரலளவு பூசினாற் போதாது. உடல் முழுவதும் கரப்பானுள்ள பிள்ளைக்கு வாரமொன்றுக்கு 250 கிராம் வரை செலவாகும். நாளுக்கு இருமுறையேனும் பூசவேண்டும்.

நமது பாட்டிமார் பூசிய தேங்காயெண்ணெய் நல்லதா என்று அந்தத் தாய் கேட்டாள். பிலிப்பைன்ஸ் நாட்டில் இலேசான, நடுத்தரமான கரப்பானுள்ள பிள்ளைகளிடத்தே தூய தேங்காயெண்ணெயையும் கனிய எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2014 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தேங்காயெண்ணெயே கூடிய பயன் தந்தது. ஆகவே வாசனை கலவாத தூய தேங்காயெண்ணெயைப் பூசுவதில் வெட்கமில்லை. ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுப்பது பேராபத்து. அதை அருந்திய குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் தாக்கப்பட்டதை மலேசியாவிலுள்ள வைத்தியர்கள் 1981 இலேயே எழுதியுள்ளனர். ஒரு சங்களவேனும் கொடாதீர்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். வசலீனும் எண்ணெயும் ஊறிய உடைகளிலும் விரிப்புகளிலும் தீ விரைந்து பற்றும். பூச்சுப் பூசிய குழந்தையைக் குத்துவிளக்கின் அருகிலும் அடுப்பின் அருகிலும் பட்டாசு கொளுத்துமிடத்திலும் விடலாகாது.

களிம்பைப் பற்றிய இரு தவறுகள்

நியூயோர்க்கைச் சேர்ந்த மரியன் சல்ஸ்பேர்கர், விக்டர் விட்டன் என்னும் வைத்தியர் இருவர், ஹைட்ரோகோட்டிசோன் என்னும் மருந்தைத் தோலிற் பூசினால் கரப்பான் தணிவதை 1952 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். ஸ்டெரோயிட் களிம்புகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகின்றது. இன்றும் சிவந்து கொதித்த தோலை ஆற்ற முதலிற் கொடுக்கும் மருந்து இவ்வகையினதே.

இதில் மக்கள் இருவகையிற் தவறுகின்றனர். ஒருசாரார் கடையிற் கேட்டு வாங்கிய கடுமையான களிம்பை மாதக்கணக்கிற் பூசுகின்றனர். அதனாற் தோல் மெலியும். முகத்திலும் மடிப்புகளிலும் தீங்கு விரைவில் வரும். படர்தாமரையாக இருந்தால் அது மறைந்து நின்று பரவும். மற்றொரு சாரார், வைத்தியர் தந்த மென்மையான களிம்பையும் அஞ்சி, பொட்டளவு தொட்டு இரண்டு நாளில் நிறுத்துகின்றனர். பாதி அணைத்த நெருப்புப்போல் நோய் மீண்டும் மூளுகின்றது.

அளவுக்கு ஓர் எளிய வழி உண்டு. வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக்கிராம் ஆகும். விரல்களுஞ் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்பளவான தோலுக்கு அது போதும். எந்தக் களிம்பு, எத்தனை நாள் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். அவர் சொன்ன நாள்வரை, தோல் மிருதுவாகிச் சொறிவு நிற்கும்வரை பூசி, பின்னர் அவர் சொன்னவாறு நிறுத்துதலே முறை. வசலீனையோ என்றும் நிறுத்தலாகாது.

நமது நிறமுள்ள பிள்ளைகளின் தோலிற் கரப்பான் சிவப்பாகத் தோன்றாது கருமையாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றலாம். ஆறியபின் வெளிறிய திட்டுகள் நிற்பதும் உண்டு. அதைக் கண்டு வெண்குட்டமென்று கலங்கும் பெற்றோர் பலர். நோய் அடங்கியிருந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் இயல்பான நிறம் திரும்பிவிடும்.

கிரந்திச் சாப்பாடு

வைத்தியர் குழந்தையின் நிறை எழுதும் அட்டையைக் கேட்டு வாங்கினார். ஆறு மாதமாகக் கோடு உயராது கிடந்தது. "அம்மா, இந்தப் பிள்ளைக்குச் சொறிவைவிடப் பட்டினி கூடிய வருத்தமாக இருக்கின்றது" என்றார். அவ்வார்த்தை கேட்டு அப்பாச்சி தலை குனிந்ததை நாம் கண்டோம். வைத்தியரும் அதைக் கண்டார் போலும். "ஆச்சி, நீங்கள் சொன்னது முழுப் பிழையன்று. சில பிள்ளைகளுக்குச் சில உணவு ஒவ்வாது. ஆனால் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் நிறுத்தக்கூடாது" என்று மரியாதையோடு சொன்னார்.

முட்டையோ பாலோ உண்ட சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பிற் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், உதடு வீங்கினால், வாந்தியெடுத்தால் அது ஒவ்வாமையாகலாம். அந்த உணவை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லவேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். இவ்வாறான அறிகுறி எதுவுமின்றி, அயலார் சொன்னாரென்று பாலையும் மீனையும் முட்டையையும் மறுப்பது வளருங் குழந்தைக்கு நாம் செய்யும் தீங்காகும்.

வீட்டார் எல்லாருஞ் சொறிந்தால்

இரவிற் சொறிவு என்றவுடன் கரப்பான் என்றே முடிவு செய்தலும் ஆகாது. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிய இடம் ஆகியவற்றிற் சிறு பருக்கள் தோன்றி, வீட்டில் மற்றவர்களுஞ் சொறிந்தால் அது சொறிசிரங்காகலாம். கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு சிற்றுயிர் தோலிற் துளையிட்டு முட்டையிடுவதால் இது வருகின்றது. முதன்முறை தொற்றும்போது நான்கு முதல் ஆறு வாரங்கள் சென்றபின்னரே சொறிவு தொடங்குமாதலால், சொறியாதவரிடத்தும் அது இருக்கலாம். ஆகவே வைத்தியர் தரும் மருந்தை வீட்டார் அனைவரும் ஒரே நாளிற் பூசவேண்டும். சொன்ன நாளில் மறுமுறையும் பூசவேண்டும். குழந்தைக்கு மட்டும் பூசுவதனால் நோய் வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

எப்போது விரையவேண்டும்?

சொறிந்த இடத்திற் தேன்நிற அயறு கட்டினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் கண்டாலும் கிருமி புகுந்ததென அறிக. துளையிட்டாற்போன்ற சிறு புண்கள் திடீரெனப் பரவி வலித்தால் தாமதிக்கலாகாது. உதட்டுப் புண்ணை உண்டாக்கும் வைரசு கரப்பான் தோலிற் புகுந்தால் இவ்வாறு நேரும். உதட்டிற் கொப்புளமுள்ள எவரும் இக்குழந்தையை முத்தமிடலாகாது. தோற்புண் ஆறிச் சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்தால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க.

மற்றவை சிறு காரியங்கள். நகங்களைக் குறுக வெட்டுக. தளர்ந்த பருத்தியுடை அணிவிக்க. "சொறியாதே" என்று அதட்டுவதை விட்டு, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சொறியும் இடத்தில் வைத்து, கையில் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொடுக்க. நித்திரை வருவதற்கான பாணிமருந்தை நாள்தோறும் நீங்களாகக் கொடுக்கவேண்டாம். அது உறங்கச்செய்யுமேயன்றிக் கரப்பானை ஆற்றாது.

அந்த வீட்டைப் பற்றிக் கேட்பீர்கள். நோய் முற்றாக மறைந்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். வெயில் கடுமையான நாட்களில் இடையிடையே தலைகாட்டுகின்றது. ஆனால் என்ன செய்வதென்று இப்போது அவர்களுக்குத் தெரியும். மாலையிற் குழந்தை குளித்து வந்ததும், வசலீன் போத்தலோடு காத்திருப்பவர் அப்பாச்சிதான். கைக்கும் காலுக்கும் கதை சொல்லிக்கொண்டே பூசுகின்றார். நிறை அட்டையிற் கோடு மேலேறத் தொடங்கியுள்ளது. மீன்குழம்பும் முட்டையும் குழந்தையின் தட்டுக்குத் திரும்பிவிட்டன.

இத்தகைய நோயுள்ள பிள்ளைகளிற் பலருக்கு வளர்ந்து வரும்போது அது தணிந்துவிடுகின்றது. அந்நாள் வரும்வரை அவர்களுக்கு உணவையும் உறக்கத்தையும் மறுக்காது காப்பது நமது கடமை. வேலியை நாள்தோறும் பார்த்து அடைப்பவர், இரவில் எழுந்து ஆடு துரத்தவேண்டியதில்லை.