ஆபத்துக் காலத்தில் மருந்தாளர்

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டாகிய ஆனையிறவின் மீது செல்லும் ஏ-9 வீதி, 2006 ஓகஸ்டில் யுத்தத்தினால் மூடப்பட்டபோது, குடாநாட்டு வைத்தியசாலைகள் மருந்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்ததை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். இன்று வீதி திறந்திருப்பினும், 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் இடம்பெயர நேர்ந்தது போன்ற அனர்த்தம் மாரிதோறும் எதிர்பார்க்கத்தக்கதே. ஆதலால் மருந்தாளரின் சேவை, வெள்ளம் முற்றத்துக்கு வந்தபின் ஆரம்பிப்பதாக இருத்தல் ஆகாது.

எந்த வைத்தியசாலை எத்தனை நாள் போக்குவரத்தின்றி இருக்கக்கூடும் என்று கணக்கிட்டு, வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாளாந்தம் வேண்டியவை ஆகியவற்றின் சேமக் கையிருப்பை மழைக்கு முன்பே அனுப்பிவைப்பதும், மின்சாரம் நின்றாலும் தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க ஏற்பாடு செய்வதும், காலாவதித் திகதி நெருங்கியவற்றை முதலில் விநியோகிப்பதும் அவரது முதற் காரியங்களாம். யாருடைய கண்ணுக்கும் படாத இவ்வேலையே பின்னர் உயிர்களைக் காக்கின்றது.

வெள்ளம் வடிந்தபின் நோய் வருகின்றது. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் பரவிய காய்ச்சலினால் சிலர் மரணமடைய, அது எலிக்காய்ச்சல் என்று அறியப்பட்டதும், வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் கொடுக்கப்பட்டது. வாரம் ஒருமுறை, உணவுக்குப் பின், நிறைந்த தண்ணீருடன் விழுங்கவேண்டிய அம்மருந்து கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் உகந்ததன்று என்பதை, வரிசையில் நிற்கும் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் பொறுமையுடன் எடுத்துரைப்பவர் மருந்தாளரே. டெங்கு பரவும் அதே பருவத்தில், காய்ச்சலென்று கடைக்கு வருபவருக்கு அஸ்பிரினோ இபுபுரோபனோ கொடாமல், பரசிற்றமோலை மட்டும் அளவறிந்து கொடுத்து, தாமதியாது வைத்தியரிடம் அனுப்புபவரும் அவரே.

தானமாக வரும் மருந்தும் சோதனைக்குரியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் ஏறக்குறைய 4,000 தொன் மருந்து வந்து குவிந்ததாகவும், அவற்றிற் பல அந்நிய மொழியில் பெயரிடப்பட்டு உபயோகமின்றிக் கிடந்ததாகவும் அறிகின்றோம். உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே இதற்கென விதிமுறைகளை வகுத்திருந்தது. விதியைக் களஞ்சிய வாசலில் நின்று நடைமுறைப்படுத்த ஆள் வேண்டுமல்லவா? ஆகவே அனர்த்த முகாமைத்துவக் கூட்டங்களில் மருந்தாளருக்கு ஆலோசனை கூறும் உரிமையுடன் ஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என்பதே எமது துணிபு.

வாசகர்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஐப்பசி பிறக்குமுன் உங்கள் கிளினிக் கொப்பியை நனையாத பையொன்றில் இட்டு வையுங்கள்; வீதி அடைபட்டால் எத்தனை நாளுக்கு உங்கள் மருந்து போதும் என்பதை இப்போதே மருந்தாளரிடம் கேட்டறியுங்கள்.