படகின் பக்கக்கோல்கள்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். மரத்தின் உச்சியை எட்டும் நீண்ட அலுமினியக் கோல். அதன் நுனியில் வளைந்த அரிவாள். நுனி சற்றுச் சாய்ந்தாலும், அடியைப் பிடித்திருப்பவரின் தோளும் இடுப்பும் அந்தப் பாரத்தை உணரும். இதை அறிந்தவர்களுக்கு இன்றைய பொருள் எளிதில் விளங்கும். கடலில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கச் செல்லும் படகுகளில் இருபுறமும் நீண்டிருக்கும் கோல்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு அவுட்ரிகர் என்று பெயர். இதே பெயர் வேறொன்றுக்கும் உண்டு. ஒடுக்கமான தோணி கவிழாதிருக்க, பக்கவாட்டில் கழிகளை நீட்டி, முனையில் மிதவைக் கட்டையைக் கட்டுவார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இலங்கை, மடகாஸ்கர் ஆகிய நாடுகளில் இத்தகைய தோணிகள் உண்டு. அந்த மிதவை தோணியைத் தாங்குகிறது. நாம் பேசும் கோல் நீரைத் தொடுவதே இல்லை. தூண்டில் நரம்பை மட்டுமே தாங்குகிறது. அதைப் பக்கக்கோல் என்று அழைப்போம்.

இந்தக் கோல் எல்லாருக்கும் தேவையா? இல்லை. பத்து பாகாட் ஆற்று முகத்தில் நங்கூரமிட்டு, தூண்டிலை இறக்கிக் காத்திருப்பவருக்கு இதனால் பயனில்லை. படகை ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துச் செல்பவருக்குத்தான் இது வேண்டும். நம் ஊரிலிருந்து குளுவாங் வழியாகச் செல்லும் 50-ஆம் எண் கூட்டரசுச் சாலை நம்மை மெர்சிங் பக்கம் கொண்டு சேர்க்கும். அங்கே தீவுகளை ஒட்டிய தெளிந்த கடலில், தெங்கிரி போன்ற வேகமான மீன்களுக்கு இவ்வாறு தூண்டில் இழுப்பார்கள்.

எட்டடி அகலமுள்ள படகின் பின்னால் நான்கு நரம்புகளை விட்டால், படகு திரும்பும்போது அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இயந்திரம் கிளப்பும் நுரைக்குள் இரையும் மறைந்துவிடும். 15 அடிக் கோலை 45 பாகைச் சாய்வில் விரித்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய பத்தரை அடி வெளியே நீளும். எட்டடிப் படகு 29 அடி அகலமுள்ள படகுபோல் நரம்புகளைப் பரப்பிவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1934-ஆம் ஆண்டில் வாங்கிய 'பிலார்' என்னும் 38 அடிப் படகிலும் இத்தகைய கோல்கள் இருந்தன.

கோலின் நுனிக்கு நரம்பு எப்படிப் போகிறது? பள்ளியில் கொடி ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். கொடிக்கயிறு போலவே கோலிலும் ஒரு கயிறு சுற்றி ஓடும். அதில் ஒரு கவ்வி இருக்கும். நரம்பைக் கவ்வியில் மாட்டி, கயிற்றை இழுத்தால் நுனிக்குப் போய்விடும். மீன் இரையைக் கவ்வி இழுத்ததும் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். தொய்ந்த நரம்பு இறுகுமுன், இரையை விழுங்க மீனுக்கு ஒரு கணம் கிடைக்கும். அதன்பின் போராட்டம் மனிதன் கையிலுள்ள தூண்டிற்கோலோடுதான்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முற்காலத்தில் மூங்கிலைப் பயன்படுத்தினார்கள். இப்போது அலுமினியம், கண்ணாடியிழை, கார்பன் இழை ஆகியவை உள்ளன. அலுமினியம் விலை குறைவு. ஆனால் பலமாக மோதினால் மடங்கிவிடும். கண்ணாடியிழை வளைந்து கொடுக்கும். எடை சற்று அதிகம். கார்பன் இழை இலேசானது, விறைப்பானது. விலையோ மிக அதிகம். 20 முதல் 25 அடி வரையுள்ள படகுக்கு 15 அடிக் கோல் போதும். நீளம் கூடக்கூட, அடியில் விழும் பாரமும் கூடும்.

அந்தப் பாரத்தைச் சிறு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 15 அடிக் கோலின் நுனியில் 2 கிலோ இழுவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோலைத் தாங்கும் அடித்தட்டின் போல்ட்டுகளுக்கு இடையே அரை அடி தூரம். 15-ஐ 2-ஆல் பெருக்கினால் 30. அதை அரையால் வகுத்தால் 60. நுனியில் 2 கிலோ, அடியில் 60 கிலோ! அலையில் படகு குலுங்கும்போது இது இன்னும் பெருகும்.

என்னிடம் படித்த இளைஞர்கள் சிலர் பணம் சேர்த்து 22 அடிப் பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். ஒரு பட்டறையில் சிறு ஸ்குரூக்களை மட்டும் முடுக்கி, கோல்களைப் பொருத்திக் கொடுத்தார்கள். இரண்டாம் பயணத்தில் இடப்பக்கக் கோல் அடித்தட்டோடு பெயர்ந்து ஒருவன் தோளில் விழுந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால், ஸ்குரூ ஓட்டைகள் வழியாக நீர் இறங்கி, தளத்தின் உள்ளேயிருந்த பலகை உளுத்துப்போயிருந்தது பின்னர் தெரிந்தது.

ஆகவே, முறையாகப் பொருத்துங்கள். படகின் நடுப்பகுதியில், கைக்கு எட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். துளையிடுமுன் கோலை ஒருவர் பிடிக்க, விரித்தும் மடக்கியும் பாருங்கள். கூரையிலோ இயந்திரத்திலோ இடிக்கக்கூடாது. அடியில் மின்கம்பியோ எண்ணெய்க் குழாயோ ஓடுகிறதா என்று பாருங்கள். தளத்தை ஊடுருவும் போல்ட்டுகளைப் போட்டு, கீழே அகலமான தகடு வைத்து நட்டை முடுக்குங்கள். துளையின் உட்புறத்தை எப்பாக்ஸிப் பசையால் அடைத்து, அது இறுகியபின் மீண்டும் துளையிட்டால் பலகைக்குள் நீர் இறங்காது. அலுமினியமும் எஃகும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் நைலான் வாஷர் இடுங்கள்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. செம்பனைக் குலை வெட்டும்போது அலுமினியக் கோல் மின்கம்பியில் பட்டு உயிரிழந்த தொழிலாளர்கள் உண்டு. அந்தத் துயரம் தோட்டத்து மக்களுக்குத் தெரியும். பக்கக்கோலும் அதே ஆபத்து உடையதே. அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கண்ணாடியிழையையும் நம்பக்கூடாது. உயரழுத்தக் கம்பிக்கு அருகில் சென்றாலே மின்சாரம் பாயக்கூடும். படகை வண்டியில் ஏற்றி வரும்போதும், பாலத்தின் அடியில் செல்லும்போதும் கோல்களை மடக்கிக் கட்டுங்கள். இடியோசை கேட்டால் உடனே மடக்கிவிட்டுக் கரை திரும்புங்கள்.

கையில் உள்ள பணம் குறைவு என்றால் முதலில் ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள். அடுத்து உறுதியான அடித்தட்டு. கோல் கடைசியில் வரட்டும். மீன் இன்று கிடைக்காவிட்டால் நாளை கிடைக்கும். கடலுக்குப் போனவர் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் வாசலில் காத்திருப்போரின் வேண்டுதல்.