உங்களுக்குத் தெரியுமா? இதயம் திணறுவதைக் கல்லீரல் காட்டிவிடும்!

ரத்தத்தில் தொற்று பரவி அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைக்குச் சலைன் ஏற்றும்போது, இதயம் தாங்குகிறதா என்பதை வயிற்றைத் தொட்டே அறியலாம். இதயம் திணறினால் ரத்தம் தேங்கி, வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் வீங்கித் தட்டுப்படும். கருவி வேண்டாம், விரல் போதும்!

• சரி, சலைனை எவ்வளவு வேகமாக ஏற்றலாம்? சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் இந்துமதி சந்தானம் குழுவினர் இப்படிப்பட்ட 147 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். முடிவு 2008இல் வெளியானது.

• 10 கிலோ குழந்தை என்றால், ஒரு பிரிவில் 15 நிமிடத்தில் 400 மில்லி. மற்றதில் 20 நிமிடத்துக்கு 200 மில்லி வீதம்.

• இறப்பு விகிதத்தில் வேறுபாடில்லை. வேகம்தான் உயிர் காக்கும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றம்தான்!